படைக்கலம் துறந்தோரும் கல்லூரி வாயிலும்



ஒரு போர் முடிவுற்ற நாளைச் சரித்திர நூல்கள் ஒரு வரியிற் குறித்துவிடுகின்றன. ஆனால், அப்போரிற் படைக்கலம் ஏந்தி நின்ற ஒருவர் மீண்டும் மாணவராகி வகுப்பறையில் அமரும் நாள் எதுவென்பதை எந்த நூலும் குறிப்பதில்லை. அந்நாள் சிலருக்கு ஓராண்டில் வருகிறது. சிலருக்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழிந்தபின் வருகிறது. பலருக்கு வராமலே போய்விடுகிறது. அது வருவதும் வராமற் போவதும் அவரவருடைய ஊக்கத்தை மாத்திரம் பொறுத்தவையல்ல. கல்லூரிகள் தம் வாயிலை எவ்வாறு அமைத்து வைத்திருக்கின்றன என்பதையும் பொறுத்தவை. அவ்வாயிலைப் பற்றிச் சிறிது ஆராய்வதே இப்பேச்சின் நோக்கமாகும்.

வன்னிப் பெருநிலப்பரப்பிலே, கிளிநொச்சி நகருக்குத் தென்மேற்கே அக்கராயன் என்னும் ஊர் இருக்கிறது. காடும் வயலும் சூழ்ந்த ஊர். அக்கராயன்குளத்தின் நீரை நம்பி நெல் விளைவிக்கும் ஊர். காலபோகத்துக்கு மாரி மழையையும் சிறுபோகத்துக்குக் குளத்து நீரையும் எதிர்பார்த்திருக்கும் குடும்பங்கள் அங்கே வாழ்கின்றன. 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியிற் போர் அவ்வூரைக் கடந்து சென்றது. மக்கள் கிழக்கு நோக்கிப் பெயர்ந்தனர். பாடசாலைகளும் அவர்களோடு பெயர்ந்தன. மரநிழலிலும் தறப்பாட் கொட்டில்களிலும் நடந்த வகுப்புகள் ஈற்றில் அடியோடு நின்றுபோயின. 2009 மே மாதத்திற் போர் முடிந்தது. எஞ்சிய மக்கள் வவுனியா மாவட்டத்துச் செட்டிகுளம் முகாம்களில் இருந்துவிட்டுப் படிப்படியாக ஊர் திரும்பினர். கூரையற்ற வீட்டையும் பற்றைக் காடாகிவிட்ட வயலையும் கொண்டு வாழ்க்கையை மறுபடியும் தொடங்கினர்.

அப்போரிற் படைக்கலம் ஏந்தியவர்களுள் உயிர் தப்பிச் சரணடைந்தும், தடுத்து வைக்கப்பட்டும், பின்னர் அரசாங்கத்தின் புனர்வாழ்வு நிலையங்களுக்கு அனுப்பப்பட்டவர்கள் ஆணும் பெண்ணுமாக ஏறத்தாழ 12,000 பேர். அவர்களுள் 594 பேர் பதினெட்டு வயது நிரம்பாத சிறுவர் சிறுமியர். அச்சிறுவருள் ஒரு பகுதியினர் இரத்மலானை இந்துக் கல்லூரியிலே தம் படிப்பைத் தொடர வழி செய்யப்பட்டது. புனர்வாழ்வு நிலையங்களில் இருந்தவாறே 2010ஆம் ஆண்டிற் க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றியவர்கள் நூற்றுக்கணக்கானோர். அவர்களிற் சிலர் பல்கலைக்கழகமும் புகுந்தனர். கல்வி வேட்கை அவர்களிடம் அவிந்து போகவில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

அவர்களுள் எல்லோரும் தாமாக விரும்பிப் படையிற் சேர்ந்தவர்களுமல்லர். 2003 முதல் சிறுவர்கள் படையிற் சேர்க்கப்பட்ட 6,000க்கு மேற்பட்ட சம்பவங்களை யுனிசெஃப் நிறுவனம் பதிவு செய்திருந்தது. அவ்வாறு சேர்க்கப்பட்டு விடுவிக்கப்படும் சிறுவருக்கென்று 2003ஆம் ஆண்டிலே கிளிநொச்சியில் ஓர் இடைத்தங்கல் நிலையமும் திறக்கப்பட்டது. போரின் இறுதி ஆண்டுகளில் ‘வீட்டுக்கு ஒருவர்’ என்ற நியதி வன்னிக் குடும்பங்களின்மேற் சுமத்தப்பட்டதும் யாவரும் அறிந்ததே. ஆகவே, முன்னாட் போராளி என்னும் ஒரே சொல்லினுள்ளே கொள்கைப் பற்றாற் சென்றவரும் இருக்கிறார். புத்தகப் பையோடு வீதியிற் சென்றவேளை கொண்டு செல்லப்பட்டவரும் இருக்கிறார். தென்னிலங்கைக் கிராமங்களுக்கு அங்கவீனராகத் திரும்பிய இராணுவத்தினரின் கல்வித் தேவையும் சிறிதன்று. எனினும், இப்பேச்சு வன்னியையே முதன்மையாகக் கருதுகிறது.

எண்ணிக்கையைப் பேசும்போது ஆளை மறந்துவிடக்கூடும். ஆதலால் ஒருவரைக் கற்பனையில் நிறுத்திப் பார்ப்போம். 2007ஆம் ஆண்டிலே அவர் பத்தாம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்தார். சாதாரணதரப் பரீட்சைக்குத் தோற்றுமுன் படைக்குச் சென்றார். ஈராண்டு களத்திலும், அதன்பின் ஏறத்தாழ ஓராண்டு புனர்வாழ்வு நிலையத்திலும் கழிந்தன. ஊர் திரும்பியபோது தந்தை இல்லை. வயலைத் தாமே பார்க்கவேண்டியதாயிற்று. இன்று அவர் முப்பது வயதைக் கடந்தவர். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உண்டு. முதுகிலே எறிகணைச் சிதறல் ஒன்று அகற்றப்படாமல் இருக்கிறது. மின்னியலிலே கைத்தேர்ச்சி மிக்கவர். சான்றிதழ் மாத்திரம் இல்லை. அவருடைய ஊரிலிருந்து அதிக தூரமில்லாத அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாயம், பொறியியல், தொழில்நுட்பம் ஆகிய பீடங்கள் இயங்குகின்றன. 2016ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் அங்கேதான் உள்ளது. அந்தக் கட்டடங்களைப் பேருந்திலிருந்து அவர் பலமுறை பார்த்திருப்பார். உள்ளே செல்வதற்கு அவருக்குத் தடையாய் நிற்பது யாது என்பதே நம் முன்னுள்ள கேள்வி.

இக்கேள்வியை உலகின் வேறு நாடுகளும் எதிர்கொண்டிருக்கின்றன. இரண்டாம் உலகப் போரின்போது, 1944 ஜூன் 22ஆம் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் சனாதிபதி ரூஸ்வெல்ட் ஒரு சட்டத்திற் கையொப்பமிட்டார். படையிலிருந்து மீள்வோரின் கல்விச் செலவை அரசாங்கமே ஏற்கும் என்பது அச்சட்டத்தின் முக்கியமான ஒரு பகுதி. கல்விக் கட்டணமாக ஆண்டொன்றுக்கு 500 டொலர் வரையும், வாழ்க்கைச் செலவுக்கு மாதந்தோறும் தனி ஆளுக்கு 50 டொலரும், குடும்பஸ்தருக்கு 75 டொலரும் அன்று வகுக்கப்பட்டன. ஒரு கோடியே அறுபது இலட்சம் படையினருள் ஏறக்குறைய 78 இலட்சம் பேர் ஏதோ ஒரு வகைக் கல்வியோ பயிற்சியோ பெற்றனர். அவர்களுள் 22 இலட்சம் பேர் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் சென்றனர். 1947ஆம் ஆண்டில் அந்நாட்டுக் கல்லூரி மாணவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் படையிலிருந்து மீண்டவர்களாய் இருந்தனர்.

அச்சட்டம் வந்தபோது கல்விமான்கள் எல்லோரும் அதனை வரவேற்றுவிடவில்லை. ஹாவார்ட் பல்கலைக்கழகத் தலைவர் கோனன்ற், சிக்காகோ பல்கலைக்கழகத் தலைவர் ஹச்சின்ஸ் போன்ற பெரியோரே கல்வியின் தரம் தாழ்ந்துவிடும் என ஐயுற்றனர். நிகழ்ந்ததோ வேறு. படையிலிருந்து வந்த மாணவர் முதிர்ச்சியும் உழைப்பும் மிக்கவர்கள் என்பதைக் கோனன்றே பின்னர் ஒப்புக்கொண்டார். பதினாறு கல்லூரிகளில் ஏறத்தாழ 10,000 மாணவரை ஆராய்ந்து 1951இல் வெளிவந்த ஒரு நூல், ஒத்த திறமையுள்ள ஏனைய மாணவரிலும் படையிலிருந்து மீண்டோர் சற்று மேலான பெறுபேறுகளைப் பெற்றனர் என்று காட்டிற்று.

பணம் ஒன்றினாலே அது நிகழவில்லை. கல்லூரிகள் தம்மை மாற்றிக்கொண்டன. மணமானவர்கள் கல்லூரியிற் படிப்பது அரிதாயிருந்த அக்காலத்திலே குடும்பங்களுக்கென்று தற்காலிக வீடுகளைக் கட்டின. விடுமுறைக் காலத்திலும் வகுப்புகளை நடத்தின. பாடசாலையை இடையில் விட்டவருக்கு ஈடான தகைமை வழங்கும் பொதுத் தேர்வு ஒன்று 1942இலேயே உருவாக்கப்பட்டிருந்தது. அதனைப் பல கல்லூரிகள் ஏற்றுக்கொண்டன. படையிற் கற்ற தொழில்களை எந்தப் பாடத்துக்கு ஒப்பாகக் கொள்ளலாம் என வழிகாட்டும் நூல்களும் வெளியிடப்பட்டன. அதே வேளையில், தென் மாநிலங்களிலே கறுப்பின வீரர்களுக்கு அச்சட்டத்தின் பயன் பெரும்பாலும் எட்டாமற் போயிற்று என்பதையும் மறத்தலாகாது. சட்டம் எல்லோருக்கும் பொதுவாயிருப்பினும் வாயிலைக் காப்பவர் பாகுபாடு காட்டினால் அஃது ஏட்டுச் சுரைக்காயே.

நிற்க. அமெரிக்காவின் வழியை அப்படியே அக்கராயனுக்குக் கொண்டுவர முடியுமா? முடியாது. அதற்குக் காரணம் பணப் பற்றாக்குறை மாத்திரமன்று. அங்கே படையிலிருந்து மீண்டவர் வெற்றி பெற்ற நாட்டின் வீரர். அந்தப் பெயரைச் சொன்னதும் கதவு திறந்தது. வன்னியிலோ முன்னாட் போராளி என்ற பெயரைச் சொன்னதும் திறந்த கதவும் மூடிக்கொள்ளக்கூடும். தொழில் கொடுப்பவர் தயங்குகிறார். பெண் கொடுப்பவர் தயங்குகிறார். அயலவரும் சில வேளைகளில் ஒதுங்கி நிற்கின்றனர். புனர்வாழ்வு முடிந்து வீடு திரும்பிய பின்னரும் விசாரணைகளும் கண்காணிப்பும் தொடர்ந்த காரணத்தால், பெயர்ப்பட்டியல் என்ற சொல்லே பலருக்கு அச்சத்தைத் தருகிறது. ‘முன்னாட் போராளிகளுக்கான விசேட வகுப்பு’ என்று ஒரு கல்லூரி நல்லெண்ணத்தோடு அறிவித்தாலும், அவ்வகுப்பின் வரவுப் பதிவேட்டிலே தம் பெயரை எழுத எத்தனைபேர் துணிவர்?

ஆதலின், வன்னிக் கல்லூரிகளுக்கு உகந்த வழி ஒன்றே. அமெரிக்கச் சட்டத்தின் பொருளைக் கொள்ளவேண்டும், பெயரை விட்டுவிடவேண்டும். ஒருவர் யாராக இருந்தார் என்று கேளாமல், அவருக்கு இப்போது யாது தேவை என்று கேட்கவேண்டும். போரினாற் படிப்பு முறிந்த எல்லோருக்குமாக ஒரு வாயிலைத் திறந்தால், முன்னாட் போராளியும் அதனூடே தலைநிமிர்ந்து வருவார். தம் கடந்த காலத்தை வாயிலில் ஒப்புவித்த பின்னரே உதவி கிடைக்கும் என்றால், அந்த உதவி அவருக்கு இன்னொரு விசாரணையாகவே தோன்றும்.

இவ்வழியில் நியாயமும் உண்டு. வன்னியிலே போரினாற் கல்வியை இழந்தவர் ஆயுதம் ஏந்தியவர் மாத்திரமல்லர். பதுங்குகுழியில் ஆண்டுகளைக் கழித்த பிள்ளை, தாயை இழந்து தம்பி தங்கையரை வளர்க்கப் படிப்பை விட்ட மூத்த பெண், காலை இழந்த விவசாயி ஆகிய எல்லோருமே அதே வகுப்பிற்கு உரியவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உளமருத்துவப் பேராசிரியராயிருந்த தயா சோமசுந்தரம், போரின் வடு தனி மனிதரோடு நில்லாது சமூகம் முழுவதையும் பற்றும் கூட்டு வடுவாகும் என்பதைத் தம் ஆய்வுகளில் விளக்கியிருக்கிறார். வடு பொதுவாயின் மருந்தும் பொதுவாய் இருத்தல் முறையே. தென்னமெரிக்காவின் கொலம்பியா நாட்டிலும் இதனை ஒத்த அனுபவம் உண்டு. 2016ஆம் ஆண்டின் சமாதான உடன்படிக்கையின் பின்னர், ஆயுதத்தைக் கைவிட்டவர்கள் தங்கியிருந்த பகுதிகளிலே பாடசாலைக் கல்வியை முடிக்க ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. அந்நாட்டின் திறந்த தொலைக்கல்விப் பல்கலைக்கழகமும் நோர்வே அகதிகள் பேரவையும் அதிற் பங்குகொண்டன. முன்னாட் போராளிகளோடு அயற் கிராமத்தவரும் அவ்வகுப்புகளிலே சேர்ந்து படித்தனர். ஒரே பலகையைப் பார்த்துப் படித்தவர்கள் ஒருவரையொருவர் அஞ்சுவது நாளடைவிற் குறையும் என்பது சொல்லாமலே விளங்கும்.

இனி, இவ்வாயிலை அமைக்கும் முறைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, சேர்க்கை. எங்கள் நாட்டிலே அரச பல்கலைக்கழகத்துக்கு உள்வாரி மாணவராகச் செல்வதற்கு உயர்தரப் பரீட்சையின் பெறுபேறே திறவுகோல். அதற்கும் மூன்று தடவைகளே கணக்கிற் கொள்ளப்படும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா போன்ற பின்தங்கிய மாவட்டங்களுக்கென்று தனிப்பங்கு ஒன்று ஒதுக்கப்பட்டிருப்பினும், சாதாரணதரத்தையே எழுதாத முப்பது வயதினருக்கு அதனாற் பயன் இல்லை. அவருக்கு மூன்று வேறு வழிகள் இருக்கின்றன. தனிப்பட்ட பரீட்சார்த்தியாகச் சாதாரணதரத்தையும் உயர்தரத்தையும் எழுதலாம். 1980இல் நிறுவப்பட்டதும் யாழ்ப்பாணத்திற் பிராந்திய நிலையம் உடையதுமான இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின் அடிப்படைப் பாடநெறிகள் மூலம் படிப்படியாக ஏறலாம். அல்லது, தேசிய தொழிற் தகைமை என்னும் முறையின்கீழ், ஏற்கெனவே கைவந்த தொழிலை மதிப்பிடுவித்துச் சான்றிதழ் பெற்று, அங்கிருந்து மேற்படிகளுக்குச் செல்லலாம்.

இம்மூன்றாவது வழி பலராலும் அறியப்படாதது. ஆயினும் முன்னாட் போராளிக்கு மிகவும் பொருத்தமானது. களத்திலே இருந்தவருட் பலர் தொலைத்தொடர்பு, வாகனத் திருத்தம், மின்னியல், முதலுதவி, காயத்துக்கு மருந்திடல், நிலப்படம் வாசித்தல், கணக்கு வைத்தல் என எத்தனையோ வேலைகளைக் கற்றவர்கள். அவற்றை எங்கே கற்றாய் என்று கேட்க வேண்டியதில்லை. செய்து காட்டு என்று கேட்டாற் போதும். முற்கற்றலை மதிப்பிடும் முறையின் சிறப்பே அதுதான். தொழில்நுட்பக் கல்லூரிகள் ஆண்டுக்கு இருமுறையாவது அக்கராயன் போன்ற ஊர்களுக்குச் சென்று, பாடசாலை மண்டபத்தில் அமர்ந்து, இம்முறையை விளக்கி விண்ணப்பங்களைப் பெற்றுக்கொள்ளல் வேண்டும். சேர்ந்தவர்களுக்கு முதல் மூன்று மாதங்கள் கணிதம், ஆங்கிலம், கணினி ஆகியவற்றில் ஆயத்த வகுப்பு நடத்தினால், பதினைந்து ஆண்டுகள் எழுதுகோல் பிடியாத கை மெல்ல மெல்லப் பழகிவிடும்.

இரண்டாவது, காலம். பதினெட்டு வயது மாணவருக்குப் படிப்பே தொழில். குடும்பஸ்தருக்கோ அது தொழிலின் மேல் ஏற்றும் இன்னொரு சுமை. காலபோக நெல் தை, மாசி மாதங்களில் அறுவடைக்கு வருகிறது. அக்காலத்திற் பரீட்சையை வைத்தாற் கமக்கார மாணவர் வயலையும் பரீட்சையையும் தராசிலிட்டுப் பார்க்க நேரும். அவர் வயலின் பக்கம் சாய்ந்தால் அவரைக் குறைகூற இயலாது. கல்லூரியின் ஆண்டு அட்டவணையை வரையும்போது ஊரின் பயிர்ச்செய்கை அட்டவணையையும் அருகில் வைத்துக்கொள்வது பெருஞ்செலவான காரியமன்று. சனி, ஞாயிறு வகுப்புகளும், ஓராண்டுப் பாடநெறியை ஈராண்டிற் படித்து முடிக்கும் வசதியும், இடையிலே நிறுத்திவிட்டு மறுபடி தொடரும் உரிமையும் இருத்தல் வேண்டும். கடைசிப் பேருந்து புறப்படும் நேரத்தைக் கேட்டறிந்து வகுப்பை முடிப்பதும் கல்வித் திட்டத்தின் ஒரு பகுதியே.

மூன்றாவது, உடல். கையோ காலோ இழந்தவர், கண்பார்வை குறைந்தவர், உடலினுள்ளே உலோகத் துண்டைச் சுமப்பவர், செவிப்புலன் மந்தமானவர் எனப் பலர் வன்னியில் உளர். அங்கவீனமுற்றோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், அங்கவீனம் காரணமாக ஒருவருக்குக் கல்வி நிறுவன அனுமதியிற் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்கிறது. பொதுக் கட்டடங்களுக்குள் அவர்கள் செல்ல வசதி செய்யவேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006இல் வெளியிடப்பட்டன. சட்டம் இருக்கிறது, சாய்வுப்பாதை எங்கே என்று ஒவ்வொரு கல்லூரியும் தன்னைத் தானே கேட்டுக்கொள்ளவேண்டும். மேல்மாடியில் நடக்கும் வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுவதற்குச் சீமெந்தும் தேவையில்லை. செயற்கைக் கால் அணிந்தவர் ஒருவர் வகுப்பில் இருக்கிறார் என்ற நினைவு இருந்தாற் போதும். நெடுநேரம் உட்கார முடியாதவர் இடையிலே எழுந்து நிற்கலாம் என முன்கூட்டியே சொல்லிவைத்தால், ஒவ்வொரு நாளும் காரணம் கூறும் வெட்கம் அவருக்கு நேராது. எழுத முடியாதவருக்கு உதவி எழுதுநரும் மேலதிக நேரமும் பெற்றுக்கொடுப்பதற்கான விண்ணப்பத்தைப் பரீட்சைக்கு நெடுநாள் முன்னரே கல்லூரி அனுப்பிவைக்கவேண்டும்.

நான்காவது, உள்ளம். இரவிலே உறக்கமின்மை, திடீர் ஓசைக்குத் திடுக்கிடுதல், கூட்டத்தைக் கண்டு விலகுதல், சிறு சொல்லுக்குப் பெருஞ்சினம் கொள்ளுதல், பாடத்தில் மனம் ஊன்றாமை ஆகியன போரைக் கண்டவரிடம் நீண்ட காலத்தின் பின்னும் தோன்றக்கூடும். விரிவுரையாளர் இவற்றைச் சோம்பலென்றோ செருக்கென்றோ கருதிவிடுதல் எளிது. கதவருகே அமர விரும்பும் மாணவரை முன்வரிசைக்கு வருமாறு வற்புறுத்தலாகாது. பட்டாசு வெடிக்கும் விழா என்றால் முன்னரே அறிவித்துவிடல் நன்று. போரைப் பற்றி எழுதுமாறோ, தம் அனுபவத்தை வகுப்பிற் கூறுமாறோ எவரையும் கட்டாயப்படுத்தல் கூடாது. உளவளத்துணையாளர் ஒருவரை வாரம் ஒருநாளாவது கல்லூரிக்கு வரவழைத்து, அவரைச் சந்திப்பவர் யாரென்று பிறருக்குப் புலப்படாத ஓர் அறையை ஒதுக்கிக் கொடுக்கவேண்டும். கேட்டது வெளியே போகாது என்ற நம்பிக்கை ஒருமுறை உடைந்தால், அவ்வறைக்கு மறுபடி ஒருவரும் வரமாட்டார்.

இங்கே பெண்களைப் பற்றித் தனியாகச் சில சொற்கள் கூறவேண்டும். புனர்வாழ்வு பெற்றவருள் ஆயிரக்கணக்கானோர் பெண்கள். களத்திலே ஆணுக்கு நிகராய் நின்றவர்கள் ஊர் திரும்பியபோது, வெட்டிய தலைமயிரும் காயத்தின் தழும்புமே அவர்களைக் காட்டிக்கொடுத்தன. பலர் மணமாகாமலும், கணவனை இழந்தும், குடும்பத்தைத் தனியே தாங்கியும் வாழ்கின்றனர். அவர்களுக்குக் கல்லூரி வாயிலிலே குழந்தையை விட்டுச் செல்ல ஓரிடம் இருப்பதும் இல்லாததுமே படிப்பதையும் படியாததையும் தீர்மானிக்கிறது. தையல், கேக் அலங்காரம் என்ற வட்டத்துக்குள்ளே அவர்களை அடைத்துவிடாமல், கணினி, மின்னியல், அளவையியல், தாதியம் ஆகிய துறைகளுக்கும் வழிகாட்டல் வேண்டும். தொலைத்தொடர்புக் கருவியை இயக்கிய கை எந்தக் கருவியையும் இயக்கும்.

ஐந்தாவது, பொருள். 1981இல் தொடங்கப்பட்ட மகாபொல புலமைப்பரிசில் உள்வாரிப் பல்கலைக்கழக மாணவருக்குப் பேருதவி புரிந்து வருகிறது. ஆனால், காலந்தாழ்த்தித் தொழில்நுட்பக் கல்லூரிக்கோ திறந்த பல்கலைக்கழகத்துக்கோ வருபவர் அவ்வட்டத்துக்கு வெளியே நிற்கிறார். ஒரு நாள் வகுப்புக்கு வந்தால் ஒரு நாட் கூலி போய்விடும் என்பதே அவருடைய கணக்கு. ஊரின் பழைய மாணவர் சங்கங்களும், கூட்டுறவுச் சங்கங்களும், கடல் கடந்து வாழும் எங்கள் மக்களும் ஆலயத் திருப்பணிக்கும் பாடசாலைக் கட்டடத்துக்கும் வாரி வழங்குகின்றனர். அவ்வள்ளன்மையில் ஒரு சிறு பங்கு, வயது முதிர்ந்த மாணவரின் பேருந்துச் செலவுக்கும் இழந்த கூலிக்கும் ஈடாகச் செல்லுமானால், அதன் பயன் ஒரு குடும்பம் முழுவதற்கும் சேரும். அதனை மேடையில் அழைத்து, புகைப்படம் பிடித்துக் கொடுக்காமல், அலுவலகத்தில் அமைதியாகக் கொடுப்பதே கண்ணியம்.

ஆறாவதாக, இவையனைத்தையும் ஒருங்கே கவனிக்கும் ஒருவர் வேண்டும். மாணவர் ஒருவர் சேர்க்கைக்கு ஒரு மேசை, கட்டணத்துக்கு இன்னொரு மேசை, மருத்துவக் கடிதத்துக்கு மூன்றாவது மேசை என அலைந்து, ஒவ்வொன்றிலும் தம் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்ல நேர்ந்தால், மூன்றாம் மேசைக்கு வருமுன் வீடு திரும்பிவிடுவார். ஐக்கிய அமெரிக்காவில் இன்று பல கல்லூரிகள் படையிலிருந்து மீண்ட மாணவருக்கெனத் தனி அலுவலகமே வைத்திருக்கின்றன. எங்கள் கல்லூரிகளுக்கு அத்தகைய பெயர்ப்பலகை வேண்டாம். வயது வந்த மாணவரின் காரியங்களைக் கவனிக்கும் பொறுப்பைத் தமிழறிந்த, பொறுமையுள்ள ஒரு விரிவுரையாளரிடம் ஒப்படைத்தாற் போதும்.

அவரிடம் இருக்கவேண்டிய படிவம் மிகச் சிறியது. பாடசாலையை விட்டு எத்தனை ஆண்டுகள்? உம்மை நம்பி வாழ்பவர் எத்தனைபேர்? எந்த மாதங்களில் வேலை அதிகம்? எழுதவோ, நடக்கவோ, கேட்கவோ, நெடுநேரம் அமரவோ உதவி வேண்டுமா? எந்தத் தொழில் தெரியும்? இந்த ஐந்து கேள்விகளும் போதும். எங்கே இருந்தீர், யாரோடு இருந்தீர் என்ற கேள்விகளுக்கு அப்படிவத்தில் இடமில்லை. நிரப்பிய படிவம் அந்த விரிவுரையாளரின் பூட்டிய அலமாரியை விட்டு வெளியே போகக்கூடாது.

இவ்வாறெல்லாம் இடங்கொடுத்தாற் கல்வியின் தரம் தாழாதா என்று சிலர் வினவக்கூடும். அது கோனன்றும் ஹச்சின்ஸும் அன்று எழுப்பிய ஐயமே. இங்கே தளர்த்தப்படுவன நேரமும் இடமும் வாயிலின் உயரமுமேயன்றிப் பரீட்சையின் அளவுகோலன்று. மின்னியலாளர் சான்றிதழ் பெறுபவர் எவராயினும் மின்கம்பியைச் சரியாகவே பூட்டவேண்டும். வயது சென்றபின் படிப்பு எதற்கு என்று வேறு சிலர் வினவுவர். போர்க்களத்து வெற்றியாற் பெயர்பெற்ற பாண்டியன் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியனே, கற்றல் நன்றென்று புறநானூற்றிலே பாடிவைத்திருக்கிறான். ஒரு குடியிலே மூத்தவரைக் காட்டிலும் அறிவுடையவரையே அரசு நாடிச் செல்லும் என்று வயதைப் பின்னுக்குத் தள்ளி அறிவை முன்னிறுத்தியவன் அவன். வாளின் வலிமையை நன்கறிந்த ஒருவனே அவ்வாறு சொன்னான் என்பது சிந்திக்கத் தக்கது.

மற்றொரு சாரார், மறந்துவிட வேண்டிய பழைய காரியத்தை ஏன் கிளறுவது என்பர். இங்கே கூறப்பட்ட முறை எதனையும் கிளறுவதன்று. போரிலே உறவினரை இழந்த ஒருவர், அதே போரிற் படைக்கலம் ஏந்திய ஒருவரோடு ஒரே வாங்கில் அமர்ந்து படிப்பது எளிதென்று யாரும் கூறமாட்டார். அவர்களுக்கிடையே தீராத கேள்விகள் இருக்கலாம். அவற்றுக்கு விடைகாண வேறு மன்றங்கள் உண்டு. கல்லூரி செய்யக்கூடியது இருவருக்கும் ஒரே பாடத்தையும், ஒரே நேர்மையான புள்ளியையும், ஒரே மரியாதையையும் வழங்குவது. அது சிறிய காரியம் போலத் தோன்றினும், வன்னி போன்ற ஒரு நிலத்திலே வேறு எந்த நிறுவனமும் அதனை இவ்வளவு எளிதாகச் செய்ய இயலாது.

2009இற் பதினேழு வயதாயிருந்தவர் இன்று முப்பதுகளிலே இருக்கிறார். இன்னும் பத்தாண்டு கழிந்தால் அவருடைய பிள்ளைகளே கல்லூரி வாயிலில் வந்து நிற்பர். படித்த தந்தையும் தாயும் இருக்கும் வீட்டிலே விளக்கு எரியும் நேரம் கூடும் என்பதை ஆசிரியர் யாவரும் அறிவர். ஆகவே, இப்போது செய்யப்படும் உதவி ஒரு தலைமுறைக்கு மாத்திரம் உரியதன்று. வரும் சிறுபோகத்துக்கு முன்னரே வன்னியிலுள்ள ஒரு கல்லூரியாவது ஒரு விரிவுரையாளரை நியமித்து, ஐந்து கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை அச்சிட்டு, அக்கராயன் போன்ற ஊர் ஒன்றின் பாடசாலை மண்டபத்திலே ஒரு சனிக்கிழமை மேசை போட்டு அமருமானால், அதுவே நல்ல தொடக்கமாகும்.